சாலை வரிசையில் உப்பளங்கள்

எங்கள் ஆபீஸில் உப்பளங்களை எழுத்து வரிசையில் வைத்தால் முதலாளி அண்ணாச்சிக்கு ஆகாது. சாலை வரிசைதான் வேண்டும். வேம்பாரில் தொடங்கி, தருவைக்குளம், மாப்பிள்ளையூரணி என்று தூத்துக்குடி வரை எந்த அளம் முதலில் வருமோ அப்படி. திரையைப் பார்த்தபடியே ஒவ்வொரு அளத்துக்கும் போன் போட்டு, இன்றைக்கு எத்தனை லோடு என்று கேட்பார். பஸ்ஸில் ஒவ்வொரு ஸ்டாப்பாக நின்று போகிற மாதிரி.

கணக்கு சாஃப்ட்வேருக்கு இந்தச் சாலை எங்கே தெரியும்? நான்தான் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். பட்டியலில் புதிதாக ஒரு பத்தி சேர்த்து, சாலையில் எத்தனையாவது அளம் என்று நம்பர் கொடுத்தேன். அந்த நம்பர்படி அடுக்கச் சொல்லிவிட்டு, நம்பர் பத்தியை மட்டும் மறைத்து வைத்தேன். ஏன் மறைத்தேன்? திமிர்தான், வேறென்ன! “ஏளா, இத எப்படிச் செஞ்ச?” என்று அண்ணாச்சி வாயைப் பிளந்தபோது சிரித்துக்கொண்டே நின்றேன். சொல்லவில்லை.

போன வருஷம் எங்கள் ஆற்றங்கரை ஊரிலேயே அரிசி மில் ஆபீஸுக்கு ஆள் கேட்டார்கள். நாலு மணிக்கு விட்டுவிடுவார்கள், நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம். என் மகள் ஆறாம் வகுப்பு. நாலரைக்குப் பள்ளி விட்டு வந்தால், நான் பஸ் மாறி வந்து சேருகிற எட்டு மணி வரை பக்கத்து வீட்டில்தான் கிடப்பாள். “இனிமே நீ வரும்போது அம்மா வீட்ல இருப்பேன்” என்று அவளிடம் சொல்லியும் விட்டேன்.

“ஒரு ஆளப் பழக்கிட்டுப் போ” என்றார் அண்ணாச்சி. ஒருத்தி வந்தாள். அவள் புது அளம் ஏதாவது சேர்த்தால், நம்பர் இல்லாததால் அது பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அண்ணாச்சி சத்தம் போடுவார். பத்தே நாளில் ஓடிவிட்டாள். அடுத்தவள் அந்தப் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. மில்லில் நான் ரெண்டு தரம் அவகாசம் கேட்டேன். மறைத்ததைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். இத்தனை வருஷம் காட்டின வித்தை இதுதானா என்று அண்ணாச்சி கேட்டுவிட்டால்? நானே பூட்டி, சாவியை நானே முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வருவேன்.

மூன்றாவதாக மில்லர்புரத்துப் பெண் ஒருத்தி வந்தாள். ஒருநாள் காலையில் தலை பின்னும்போது மகள் கேட்டாள், “எப்பம்மா?” அவ்வளவுதான். ஆபீஸ் போனதும் முதல் வேலையாக ஒரு டிக்கைப் போட்டு, மறைத்த பத்தியைத் திறந்து காட்டினேன். அந்தப் பெண் புது அளம் ஒன்றுக்கு நம்பர் அடித்தாள். அது தருவைக்குளத்துப் பக்கத்தில் ஒழுங்காகப் போய் நின்றது.

“இவ்வளவுதானாக்கா?”

“இவ்வளவுதாம்மா.”

சாயங்காலம் மில்காரர் வீட்டுக்குப் போன் போட்டேன். “ரெண்டு மாசம் உங்களத்தாம்மா எதிர்பார்த்தோம். போன வாரந்தான் வேற ஆள் போட்டோம்” என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அண்ணாச்சி நிற்கிறார், முகமெல்லாம் சிரிப்பு.

“புள்ள நல்லாப் பழகிட்டா. இனி நீ தாராளமாப் போலாம்.”

“நான் எங்கயும் போகல அண்ணாச்சி. இங்கனயே இருக்கேன்” என்றேன். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரை.