மரைக்காயர் வீட்டுக் கறிவேப்பிலை

போன வாரம் நாகூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எனக்கு அல்ல, அடுத்த வீட்டு மரைக்காயருக்கு. ஆனால் அதில் பாதி என்னைப் பற்றித்தான். என்ன எழுதியிருந்தது என்று சொல்வதற்கு முன்னால் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் திருடன்.

சிரிக்காதீர்கள். இதே பத்திரிகைப் பத்தியில் ஒழுக்கத்தைப் பற்றி எத்தனை வாரம் அளந்து கொட்டியிருக்கிறேன்! வாரம் முழுக்க ஆற்றங்கரைக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம், ஒழிந்த நேரத்தில் உங்களுக்கு உபதேசம் — இந்த ஆளைத்தான் உங்களுக்குத் தெரியும். பட்டப்பகலில், கையில் பாராங் கத்தியோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்தவர் வேலியைத் தாண்டியவனை நீங்கள் பார்த்ததில்லை. மரைக்காயரும் பார்க்கவில்லை. அதுதான் வினை.

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் எங்கள் அத்தாப்பு ஓலைக் கூரை வீடு. பின்னால் நாலு பாத்தி போடுகிற அளவுக்கு இடம். மாட்டுக் கொட்டகைகள் பக்கத்திலேயே இருப்பதால் எருவுக்குப் பஞ்சமில்லை. வெண்டை விரல் விரலாகக் காய்க்கும். பாகல் கொடி கூரைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் விடாமல் கீரை கிடைக்கும். என் மனைவி தனபாக்கியம் மிஞ்சிய பாகற்காயை வற்றலாக்குவாள், மிளகாயை மோரில் ஊறவைத்துக் காயப்போடுவாள்... காயப்போட்ட அரை மணி நேரத்தில் மழை வரும். முறத்தைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே ஓடுவாள். ஒரு சட்டி மோர்மிளகாய்க்கு எங்கள் வீட்டில் பத்து ஓட்டம்.

எல்லாம் வந்தது. கறிவேப்பிலை மட்டும் வரவில்லை.

முதல் கன்று தண்ணீர் தேங்கி அழுகியது. இரண்டாவது வெயிலில் கருகியது. மூன்றாவது நன்றாகத் துளிர்த்தது. பால்காரம்மா மாரியாயியின் ஆடு அதை ஒரே வாயில் முடித்துவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம், கூட்டாளியோடு கடை நடத்தும் மரைக்காயர் வீட்டில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கறிவேப்பிலை மரம். தனபாக்கியம் தினமும் காலையில் வேலியோரம் போய் நிற்பாள். அவரும் முகம் சுளிக்காமல் ஒரு கொத்து ஒடித்துக் கொடுப்பார். "தினம் தினம் கை நீட்ட வெட்கமா இருக்குங்க" என்று அவள் என்னிடம் குறைப்பட்டுக்கொள்வாள்.

"மரத்தடியில கன்னு முளைச்சிருக்கே, அதுல ஒண்ணு கேட்டுப் பாரேன்" என்றேன்.

"கேட்டு வாங்கினா வராதாம். கொடுத்தவங்க வீட்டு மரத்துக்கும் ஆகாதாம். அவங்களுக்குத் தெரியாம எடுத்து வச்சாத்தான் தழைக்குமாம். மாரியாயி அடிச்சுச் சொல்றா."

ஆட்டைக் கட்டிவைக்கத் தெரியாத மாரியாயியின் பேச்சை நான் நம்பியிருக்கலாமா? மூட நம்பிக்கைகளைச் சாடி இங்கே மூன்று வாரம் எழுதியவன்! ஆனாலும் மூன்று கன்று பறிகொடுத்தவனுக்கு எதையும் நம்பத் தோன்றும்.

போகியன்று வீட்டுக்கு வெள்ளையடிக்க லீவு போட்டிருந்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மரைக்காயர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். ஆம்... அந்த நேரமாகப் பார்த்துத்தான். தை பிறக்கப்போகிறது, பஞ்சாங்கப்படி மழைக்காலம் முடிந்தது. ஆனால் சிங்கப்பூர் வானம் நம் பஞ்சாங்கத்தை எங்கே படிக்கிறது? கொட்டிக்கொண்டிருந்தது. மண் இளகியிருக்கிறது, வேலை சுலபம் என்று எனக்கு மகிழ்ச்சி வேறு.

கன்று தாய் மரத்தின் வேரிலிருந்து கிளம்பியிருந்தது. இழுத்தேன், வரவில்லை. பாராங்கால் இரண்டு வெட்டு. பெருவிரல் தடிமனில் ஏதோ அறுபட்டது. கன்றைப் பிடுங்கிக்கொண்டு, குழியைக் காலால் ஒப்புக்குத் தள்ளி மூடிவிட்டு வந்துவிட்டேன்.

மாரியாயி சொன்னது பலித்தது. குளியலறைக்குப் பின்னால், பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒளித்து வைத்த கன்று தளதளவென்று தழைத்தது.

மாசியில் மரைக்காயரின் மரம் மஞ்சளானது.

"மழை அதிகம்லா, கிராணியாரே. வேர் குளிர்ந்திருக்கும்" என்றார் அவர். நான் தலையாட்டினேன். குழியில் தண்ணீர் தேங்கி, வெட்டுப்பட்ட வேர் அழுகுகிறது என்பது எனக்குத் தெரியும். தனபாக்கியம் வேலியோரம் போவதை நிறுத்திவிட்டாள். தகரத்துக் கன்றிலிருந்தும் அவள் ஓர் இலை கிள்ளவில்லை. "கை வரலைங்க" என்றாள். எங்கள் வீட்டு ரசம் வெறும் கடுகோடு கொதித்தது.

ஒரு வியாழக்கிழமை காலை. மரைக்காயர் மரத்தடியில் நின்று ஒவ்வொரு கிளையாக வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு கவர்.

"என்ன தேடுறீங்க?" என்றேன்.

"நாளைக்குக் கப்பல். வீட்டுக்குக் கடுதாசி எழுதிட்டேன். உள்ளே வைக்கப் பச்சையா ஓர் ஈர்க்கு இலை கிடைக்கலை."

அன்றைக்குத்தான் அந்த மரத்தின் கதையை அவர் சொன்னார். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் ஊரை விட்டுச் சபர் புறப்பட்டபோது, மனைவி செய்னம்பு ஒரு சின்னச் சட்டியில் அந்தக் கன்றைக் கொடுத்தனுப்பினாராம். போகிற இடத்திலும் அடுப்பில் கொதிக்கிற ஆணம் நம்ம வீட்டு ஆணமாக மணக்கட்டும் என்று. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதிலிருந்து, தமக்குக் கிடைத்த குடிதண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றியிருக்கிறார் மனிதர். இங்கே அது வேர் பிடித்ததும் முதல் கடிதத்தில் ஓர் ஈர்க்கு வைத்து அனுப்பினார். அன்றிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் அப்படித்தான்.

"எழுத்தைப் படிக்கிறதுக்கு முந்தி இலையைத்தான் எடுத்து மோந்து பார்ப்பாளாம். ஊருக்கு வாங்கன்னு அவ கூப்பிடுறப்பல்லாம், மரத்துக்கு யாரு தண்ணி ஊத்துவான்னு எழுதித் தட்டிக் கழிச்சிருக்கேன். இப்ப எப்படி நான் பழுத்த இலையை அனுப்புவேன்? பார்த்தா அவ மனசு என்ன பாடு படும்?"

உள்ளே போனேன். தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் கன்றைப் பார்த்தார். மரத்தடிக்குப் போய்க் காலால் மண்ணைக் கிளறினார். வேர் கறுத்துக் கிடந்தது.

"நீங்களா வெட்டினீங்க?"

"ஆமாம்."

"அந்த மழையிலயா?"

"ஆமாம்."

"ஏன் கேக்கலை?"

மாரியாயி சொன்னதைச் சொன்னேன். சொல்லும்போதே எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தது! அவர் சிரிக்கவில்லை. "கேட்டிருந்தா எந்தப் பக்கம் தோண்டணும்னாவது சொல்லியிருப்பேன்லா..." என்றார். என்னை நாலு அறை அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்குப் பிறகு நான் நிறைய யோசித்துவிட்டேன். கேட்டு வாங்கினால் வராது என்கிற நம்பிக்கை நமக்கு ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது? செடிக்காகவா? இல்லை. கேட்டால் கொஞ்சம் குனிய வேண்டும். வாங்கினால் நன்றி சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாமல் காரியம் நடக்க ஒரு வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், படித்தவன்கூட வேலி தாண்டிவிடுகிறான். அந்த மனிதர் தினமும் சிரித்த முகத்தோடு கொடுத்தார். அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்ற நினைப்புத்தான் எனக்குக் கனத்தது. அதை இறக்கி வைக்கப் போய்த்தான் அவர் மரத்தை வெட்டினேன்.

அன்று மரத்தடியில் மரைக்காயர் குனிந்து தகரத்துக் கன்றிலிருந்து ஓர் ஈர்க்கைக் கிள்ளினார். முகர்ந்தார்.

"இது அந்த வேர்லேருந்து வந்ததுதானே?"

"ஆமாம்."

"அப்ப அவளை ஏமாத்தினதா ஆகாது. ஆனா நடந்ததை அவகிட்ட மறைக்க முடியாது. நீங்கதான் பத்திரிகையில எழுதுறவராச்சே... ஒரு தாள் எடுத்து நீங்களே எழுதுங்க. கன்னு உங்க வீட்டிலேயே இருக்கட்டும், அதையும் சேர்த்து எழுதுங்க."

எழுதினேன். கனம் பொருந்திய சகோதரி அவர்களுக்கு, அடுத்த வீட்டுக் கிராணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது... என்று ஆரம்பித்துக் கால் பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. இந்தப் பத்தியை நான் ஒரே மூச்சில் எழுதுகிறவன். அன்றைக்குக் கை ஓடவில்லை.

பங்குனியில் மரம் முழுக்கப் பட்டுப்போயிற்று. அவர் வெட்டும்போது நானும் கூட நின்று கிளையைப் பிடித்தேன்.

போன வாரம் பதில் வந்தது. மரைக்காயர் வேலியோரம் நின்று, தனபாக்கியத்தையும் கூப்பிட்டு, உரக்கப் படித்தார்.

"இலை வந்து சேர்ந்தது. மோந்து பார்த்தேன், நம்ம மரம்தான். கிராணியார் எழுதினதையும் படித்தேன். முதலில் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. பிறகு ஒன்று தோன்றியது. மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்று ஏழு வருஷமாக எழுதுகிறீர்கள். இப்போது கன்று அவர் வீட்டில்தான் இருக்கிறது. ஊற்றுவதற்கு ஆள் கிடைத்துவிட்டது. இனிமேல் இலை அனுப்ப வேண்டாம். நீங்கள் வாருங்கள்."

படித்து முடித்து, கடிதத்தை மடித்தார். மறுபடி பிரித்துக் கடைசி வரியைப் பார்த்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கடையைக் கூட்டாளி பார்த்துப்பார்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "வர்ற கப்பல்ல போறேன், கிராணியாரே. தண்ணி தேங்க விடாதீங்க."

நேற்றுக் காலை தனபாக்கியம் கன்றிலிருந்து முதல் முறையாக ஓர் ஈர்க்கு கிள்ளினாள். மரைக்காயரிடம் கேட்டுவிட்டுத்தான்.

இப்போது கன்றின் அடியில் ஒரு குட்டிக் கன்று தலைகாட்டியிருக்கிறது. வேண்டுபவர்கள் வாசல் பக்கமாக வந்து கேளுங்கள்... எந்தப் பக்கம் தோண்டக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.