கான்ட்ராக்டருக்கு வைத்த ஆப்பு

எனக்கு வாய் ஜாஸ்தி. படப்பையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் சில வாரங்கள் வாயைத் திறக்கப் பயந்து வண்டி ஓட்டியிருக்கிறேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

எங்களிடம் ஒரு வேன் இருக்கிறது. ஃபைனான்ஸில் வாங்கியது. வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் வலி வந்து உட்கார்ந்து ஓட்ட முடியாமல் போனபோது, வாடகை வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜை நானே எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன். மணிமங்கலத்தில் தொடங்கி, படப்பை வழியாக, ஒரகடம். ஏறுகிறவர்கள் எல்லாம் பெண் பிள்ளைகள். காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் லைனில் நிற்கிறவர்கள். பாதிப் பேர் பரமக்குடி, சிவகங்கைப் பக்கமிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்தார்கள். பெரிய கம்பெனியில் வேலை என்று ஊரில் சொல்லியிருப்பார்கள். கழுத்தில் தொங்குகிற கார்டில் கம்பெனி பேர் பொடி எழுத்தில் இருக்கும், கான்ட்ராக்டர் பேர்தான் பெரிதாக இருக்கும்.

அந்தக் கான்ட்ராக்டர்தான் கம்பெனிக்கு ஆள் அனுப்புகிறவர். அரசாங்க லைசென்ஸ் வைத்திருக்கிறவர். அதை ஃபிரேம் போட்டு, ஆபீஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்கும் சேர்த்து ஊதுபத்தி காட்டுவார். என் வேனுக்கு வாடகை கொடுக்க வேண்டியவரும் அவரே. ஆரம்பத்தில் மாசம் பிறந்தால் பணம் வந்துவிடும். பிறகு பாதி வந்தது. அதற்கப்புறம் "பில் பாஸ் ஆவல தங்கச்சி" என்ற பேச்சு மட்டும் வந்தது. ஆயுத பூஜைக்கு மறக்காமல் மாலையும் பூசணிக்காயும் ஸ்வீட் பாக்ஸும் அனுப்பி வைத்தார். டீசலுக்குப் பதில் மைசூர்பாவையா போட்டு ஓட்டுவது?

ஃபைனான்ஸ்காரர்கள் முதலில் போனில் பேசினார்கள். பிறகு வீட்டுக்கே வந்தார்கள். ஒருவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, "கண்டிஷன் நல்லா கீதுக்கா" என்றான். ஏதோ அவன் வாங்கப் போகிற மாதிரி. அதிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. சாலையில் பைக்கில் இரண்டு பேர் என் பக்கமாக வந்தாலே, வண்டியைத் தூக்க வந்தவர்களோ என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். வேன் போனால் எங்கள் வீட்டில் உலை ஏறாது. வேறு வழியே கிடையாது.

லேபர் ஆபீஸுக்குப் போனேன். லைசென்ஸ் கொடுத்தவர்கள்தானே, அவர்கள் கேட்டால் பயப்படுவார் என்று நினைத்தேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷர். பொறுமையாகக் கேட்டார்.

"வேலை செய்யிறவங்களுக்குச் சம்பளம் தரலன்னாலோ, அதுல கை வெச்சாலோ சொல்லுங்கம்மா, லைசென்ஸ் மேல ஆக்‌ஷன் எடுக்கலாம். வேன் வாடகை உங்களுக்கும் அவருக்கும் உள்ள விஷயம். கம்பெனில சொல்லிப் பாருங்க" என்றார்.

சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று ஒருநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் செக்யூரிட்டியிடம் மல்லுக்கட்டி உள்ளே போனேன். ஹெச்.ஆர் தம்பி ஏசியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "எழுதிக் குடுங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்" என்றார். எழுதினேன். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் எழுதினேன். வீட்டுக்கு வந்து, "வெச்சேன் பாரு ஆப்பு, ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் படுத்தபடியே, "சோறு போடு" என்றார்.

அந்த வாரமே ஆக்‌ஷன் எடுத்துவிட்டார்கள். எப்படித் தெரியுமா? காலை ஷிஃப்டுக்குப் பிள்ளைகளை கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். முதலில் போனவள் கார்டைக் காட்டினாள், மிஷினில் சிவப்பு எரிந்தது. அடுத்தவளுக்கும் சிவப்பு. வரிசையில் நின்ற எல்லோருக்கும் சிவப்பு. கான்ட்ராக்டரை நிறுத்துவது என்றால் அங்கே அவருடைய கான்ட்ராக்ட் நம்பரை நிறுத்துவது. அந்த நம்பர்தான் எல்லாப் பிள்ளைகளின் கார்டிலும் இருக்கிறது. அவர் கேட் பக்கம் வருகிறவரே இல்லை. அவருக்குக் கார்டே கிடையாது.

பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்து வேனில் ஏறினார்கள். கியர் சரியாக விழவில்லை.

"எவனோ கான்ட்ராக்டர் மேல கம்ப்ளைண்ட் குடுத்துட்டானாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். வேலையில்லாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ரூம் வாடகை தேதி நெருங்குகிறது என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி அம்மாவுக்குப் போன் போட்டு, "லைன்லதாம்மா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்தாள். எனக்குப் பின்னால் உட்காரும் பரமக்குடிப் பெண், இருக்கிறவர்களில் மூத்தவள், இறங்கும்போது, "நாளைக்கு வருவீகளாக்கா?" என்று கேட்டாள். வருவேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் உண்மை விழுந்துவிடும் என்று பயம். என் மேல் கல்லெறிந்தால்கூடப் பரவாயில்லை, இவர்கள் முகத்தைப் பார்த்து எப்படி இனி தினமும் ஓட்டுவது என்று அந்த இரண்டு நாளும் செத்துச் செத்துப் பிழைத்தேன். தினமும் கூட்டிப் போனேன், தினமும் சிவப்பு எரிந்தது, தினமும் கூட்டி வந்தேன்.

மூன்றாம் நாள் பச்சை எரிந்தது. கான்ட்ராக்டருக்குத் தர வேண்டிய பில்லிலிருந்து பிடித்து, என் பாக்கியைக் கம்பெனியே என் கணக்கில் போட்டுவிட்டது. ஃபைனான்ஸுக்குக் கட்டினேன். அப்பாடா என்று அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

சம்பள நாள் வந்தது. வேனில் யாரும் பேசவில்லை. வழக்கமாக அன்றைக்குப் பாட்டும் கூத்துமாக இருக்கும். என்னடி ஆச்சு என்று கேட்டேன்.

"வேன் சார்ஜுன்னு பிடிச்சுட்டாங்கக்கா. எல்லாருக்கும்" என்றாள் பரமக்குடிக்காரி.

பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே கான்ட்ராக்டர் ஆபீஸுக்கு ஓட்டினேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "வா தங்கச்சி, டீ சாப்புடு" என்றார்.

"பொண்ணுங்க வயித்துல அடிச்சிகீறியே, நீ உருப்படுவியா?" என்றேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. "உனக்குக் குடுன்னாங்க, குடுத்தாச்சு. எங்கேர்ந்து குடுக்கணும்னு எவனாச்சும் சொன்னானா? இன்னும் எங்கனா எழுதிக் குடுக்கணும்னா குடு. கேட்ல இன்னா ஆவும்னு நீதான் பாத்துகினியே."

நான் வாங்கிய பணம் அவர் பணமே இல்லை. என் வண்டியை மீட்டது அந்தப் பிள்ளைகளின் சம்பளம். ஃபைனான்ஸ்காரனிடம் போய்த் திருப்பிக் கேட்க முடியுமா? வீட்டுக்கு வந்து அழுதேன். இவ்வளவு வாய் இருந்து என்ன பிரயோஜனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்போதுதான் லேபர் ஆபீஸ்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. வாடகைக்குத்தான் அவர் ஒன்றும் செய்ய முடியாது. சம்பளத்தில் கை வைத்தால் முடியும்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். திரும்பி உட்கார்ந்து லேபர் ஆபீஸ்காரர் சொன்னதைச் சொன்னேன். "எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. நானே கூட்டினு போறேன். இதுக்கு அந்தாளு லைசென்ஸே போயிடும்" என்றேன்.

சிலர் கழுத்திலிருந்த கார்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வேணாம்க்கா" என்றாள் பரமக்குடிக்காரி. "காசு போனாப் போகுது. கார்டு பச்சையா இருந்தாப் போதும்."

எனக்குத் தாங்கவில்லை. "அன்னிக்குக் கம்ப்ளைண்ட் குடுத்தது நான்தான்டி. என்னாலதான் உங்களுக்கு இவ்ளோவும்" என்று சொல்லிவிட்டேன். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"தெரியும்க்கா. நீங்க ஹெச்.ஆர் ரூமுக்குப் போனதை அன்னைக்கே பாத்தோம்."

"அப்புறம் ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல? நாலு திட்டு திட்டியிருக்கலாம்ல?"

அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"கேட்டா எங்களை வேன்ல ஏத்த மாட்டீகளோன்னு பயமா இருந்துச்சுக்கா."