எண்ணூறு மீட்டரும் ஒரு மருத்துவ விலக்கும்

"கண்ணு தெரியலயாடா உனக்கு?"

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு திடலில், மூத்தோருக்கான எண்ணூறு மீட்டர் ஓட்டத்தின் இரண்டாவது சுற்றில், நான் இடித்துத் தள்ளியவர் தரையில் கிடந்தபடி கேட்ட கேள்வி அது. வளைவில் உள்பக்கம் வெட்டி நுழைந்தபோது அவர்மேல் மோதிவிட்டேன். அவருக்கு முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. நின்று கை கொடுத்தேன். தட்டிவிட்டார்.

அவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர், ரயில்வே குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ட் தேவாலயத்தில் பாடுவார். மற்ற நாள்களில் விடிந்ததும் ஓடுவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அண்ணே என்று கூப்பிடுவேன். பல வருடங்களாக ஒரே வயதுப் பிரிவில் ஓடுகிறோம். பெரும்பாலும் அவர் முன்னால், நான் பின்னால். ஓட்டம் முடிந்ததும் எங்காவது உட்கார்ந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் குடிப்போம். அன்று அவர் என்னிடம் சொல்லாமலே போய்விட்டார்.

கிள்ளானில் இருக்கும் என் வீட்டுக்குக் காரோட்டித் திரும்பும்போது அந்தக் கேள்வி என்னோடு வந்தது. அவர் பக்கத்தில் ஓடியது எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அன்று நெடுஞ்சாலையில் இடதுபக்கம் வந்த மோட்டார் சைக்கிளும் என் கண்ணில் படவில்லை. ஹாரன் சத்தம் கேட்டுத்தான் சுதாரித்தேன்.

என் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எதையும் சட்டென்று சொல்ல மாட்டாள். சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருப்பாள் என்பது தெரியும்.

"கொஞ்ச மாசமாவே பாக்குறேங்க. ஷேவ் பண்றதே இல்ல, தாடியும் வளர மாட்டேங்குது. வேலை விட்டு வந்ததும் செருப்பக்கூடக் கழட்டாமத் தூங்குறீங்க. இப்ப கண்ணும் தெரியலன்னு சொல்றீங்க. நாளைக்கே போவோம்."

கண் மருத்துவர் என் பார்வையின் இரண்டு ஓரங்களும் இருண்டிருப்பதைக் கண்டுபிடித்து ஸ்கேன் எடுக்க அனுப்பினார். மூளைக்கு அடியில், கடலை அளவே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் வளர்ந்து பார்வை நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. மூக்கு வழியாகவே அறுவை செய்து எடுத்தார்கள். பார்வை திரும்பியது. சுரப்பிதான் திரும்பவில்லை.

அதன் பிறகு என்னைப் பார்த்துக்கொண்டவர் ஹார்மோன் துறை மருத்துவர், தமிழ்ப் பெண்மணி. அந்தச் சுரப்பி ஆணையிட்டால்தான் உடம்பின் மற்ற சுரப்பிகள் வேலை செய்யும், இப்போது ஆணையிட ஆளில்லை என்று விளக்கினார். தைராய்டுக்கு ஒரு மாத்திரை. உயிரோடு இருப்பதற்கே தேவையான ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை தினமும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி சில மாதங்களுக்கு ஒருமுறை. அந்த ஊசியைத் தொடங்குவதற்கு முன் இரண்டு வெவ்வேறு நாள்களில், விடிந்ததும் வெறும் வயிற்றோடு வரச்சொல்லி ரத்தம் எடுத்தார். ஒருமுறை எடுத்தால் போதாதா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மெல்ல மெல்ல உடம்பு என்னுடையதாயிற்று. ஒரு காலையில் கண்ணாடி முன் நின்று சவரம் செய்தபோது என் மனைவி கதவோரம் நின்று சிரித்தாள். அந்த வாரமே மருத்துவரிடம் கேட்டேன்.

"டாக்டர், மறுபடி ஓடலாமா?"

"தாராளமா ஓடலாம். போட்டியிலயா?"

"ஆமா."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்படின்னா ஒரு விஷயம். நீங்க எடுத்துக்குற டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையும் தடை செய்யப்பட்ட மருந்துப் பட்டியல்ல இருக்கு. ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புகிட்ட மருத்துவ விலக்கு வாங்கணும். அது கிடைக்கிற வரைக்கும் ஓடாதீங்க."

என்னோடு பயிற்சி செய்யும் இளைஞர்கள் சிரித்தார்கள். "வெட்டரன் ஓட்டத்துல யாரு அங்கிள் டெஸ்ட் எடுக்கப்போறா? சும்மா ஓடுங்க லா!" சும்மா ஓடியிருக்கலாம்தான். ஆனால் ஒருவரிடம் மட்டும் சொல்லாமல் ஓட எனக்கு மனம் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அண்ணனைச் சந்தித்தேன். கட்டி, அறுவை, அவர் மேல் மோதியதன் காரணம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை கண் கலங்கக் கேட்டவர், ஊசி என்றதும் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"டெஸ்டோஸ்டிரோனா? டேய், அதப் போட்டுத்தானே ஆளுங்க மாட்டுறாங்க?"

"என் உடம்புல அது சுரக்கவே மாட்டேங்குது, அண்ணே."

"எனக்கும்தான் வயசாக வயசாகக் குறையுது. எனக்கு யாருடா குடுப்பா?"

அது நியாயமான கேள்வி. அதே கேள்வியை மருத்துவரிடம் கொண்டுபோனேன்.

"வயசாகிக் குறையறதுக்கு விலக்கு கிடையாது. களைப்பா இருக்குன்னு சொன்னாலும் கிடையாது" என்றார். "சுரப்பியே கெட்டுப்போச்சுன்னு ஆதாரத்தோட காட்டணும். அப்பவும், ஆரோக்கியமான ஒருத்தருக்கு எவ்வளவு இருக்குமோ அந்த அளவுக்குத்தான். உங்களுக்குக் கூடுதலா எதுவும் தரல. போனதத் திருப்பித் தர்றோம். அளவு கூடுச்சுன்னா முதல் ஆளா நானே குறைச்சிடுவேன்."

ஸ்கேன் படங்கள், அறுவை அறிக்கை, ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சேர்த்து விண்ணப்பித்தோம். தம் விடுமுறை நாளில் உட்கார்ந்து அவர் எனக்காக விளக்கம் எழுதினார். ஆனால் கோப்பு கேள்வியோடு திரும்பி வந்தது. ஊசி தொடங்குவதற்கு முன் ஒன்றுக்கு மேற்பட்ட காலைகளில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகள் வேண்டுமாம். முதலில் ஒன்றைத்தான் இணைத்திருந்தோம். நான் எரிச்சலோடு போய் இரண்டாம் முறை கை நீட்டிய அந்தக் காலைதான் என்னைக் காப்பாற்றியது. அது இல்லாமல் ஊசியைத் தொடங்கியிருந்தால், பிறகு நிரூபிக்க வழி தேடி அலைந்திருப்பேன்.

அந்தப் பருவம் முழுக்க நான் ஓடவில்லை. போட்டி நாள்களில் கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அண்ணன் என்னைக் கடந்து ஓடும்போதெல்லாம் ஓங்கி அடித்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அனுமதி வந்தபோது கிள்ளானை அடுத்த மேருவில் வேலையில் இருந்தேன். நான் அங்கே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். இரைச்சலுக்கு நடுவே கைப்பேசியில் மின்னஞ்சலைத் திறந்தேன். இரண்டு மருந்துகளுக்கும் விலக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு. அளவு மாறக்கூடாது, தவறாமல் ரத்தம் சோதிக்க வேண்டும். நான் பார்த்தேயிராத சில மருத்துவர்கள் என் கோப்பைப் பொறுமையாகப் படித்து, சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்பட்டு, பிறகு நம்பியிருக்கிறார்கள். அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்தே அவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. மனைவியை அழைத்தேன். பள்ளி நேரம், எடுக்கவில்லை. இயந்திரத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு விலக்குக் கடிதம் முழுவதையும் படித்தார். "சரி. காகிதம் சொல்லுது. என் மனசு கொஞ்சம் லேட்டாத்தான் வரும்" என்றார். ஆனால் மறுபடி என்னோடு பயிற்சிக்கு வந்தார். அது தெரிந்ததும் என் மனைவி அவரை வீட்டுக்கு அழைத்தாள். எனக்குக் கடுமையான வாந்தியோ காயமோ வந்தால் மாத்திரை போதாது, உடனே ஹைட்ரோகார்ட்டிசோனை ஊசியாகப் போட வேண்டும். மருத்துவர் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அவள் அண்ணனுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

"இவரோட ஓடுற ஆளுக்கு இது தெரிஞ்சிருக்கணும், அண்ணே" என்று, குத்திப் பழக ஒரு கொய்யாப்பழத்தை அவர் முன் வைத்தாள். ஊசியை ஈட்டிபோல ஓங்கி அவர் குத்தியதைப் பார்த்து மூவருமே சிரித்துவிட்டோம்.

ஒரு சனிக்கிழமைக் காலை ஜெஞ்சாரோம் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே நீண்ட ஓட்டம் போனோம். முந்தின நாள் சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை. சொல்லாமல் ஓடினேன். பாதி வழியில் வாந்தி. மாத்திரை போட்டேன், அதுவும் வெளியே வந்தது. ஓரப் புல்லில் சரிந்தேன். அண்ணன் என்னவோ பேசிக்கொண்டே இருந்தது கேட்டது. தம் இடுப்புப் பையைத் திறந்து, என் மனைவி கொடுத்திருந்த ஊசிப் பெட்டியை எடுத்தார். மருந்துப் பொடியில் நீரைக் கலந்தார். "அசையாத, அசையாத" என்று என் தொடையில் குத்தினார். பிறகு நடுச்சாலையில் நின்று ஒரு லோரியை மறித்து என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

எனக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது அண்ணன் கட்டிலருகே அமர்ந்திருந்தார். சட்டையெல்லாம் என் வாந்தி.

"ஒரு ஊசி இல்லன்னா நீ இல்ல. இன்னிக்குத்தான்டா எனக்குப் புரிஞ்சுது."

"அண்ணே, இது வேற ஊசி. நீங்க கோவப்பட்டது அந்த டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கு."

"தெரியும்டா. ரெண்டும் அதே சுரப்பி போனதாலதானே?"

மருத்துவர் அனுமதித்த பிறகு, நன்றாகத் தேறி, போட்டிக்குப் போனேன். எண்ணூறு மீட்டர். முதல் சுற்றில் அண்ணனை ஒட்டியே ஓடினேன். இரண்டாவதில் அவர் விலகிப் போய்விட்டார். அவர் இரண்டாவது, நான் ஐந்தாவது. ஊசி போட்டவன் பறந்துவிடவில்லை. நெஞ்சு எரிய, வாய் உலர, பழைய வலியோடு பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தேன். அந்த வலியே பரிசு போலிருந்தது.

மூச்சு வாங்கி முடிப்பதற்குள் ஓர் அதிகாரி வந்து தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு என்னையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மருந்துகளைச் சொன்னேன், விலக்குக் கடிதத்தைக் காட்டினேன். அவர் அமைதியாகக் குறித்துக்கொண்டு, "நன்றி, அங்கிள். தண்ணி குடிங்க, அவசரமில்ல" என்றார். வெயிலில் ஓடி வற்றிப்போன உடம்பு. சிறுநீர் வர வெகுநேரமானது. முடிவிலும் பிரச்சினை எதுவும் இல்லை என்று பின்னால் தெரிந்தது.

வெளியே வந்தபோது திடல் காலியாகியிருந்தது. அண்ணன் மட்டும் பதக்கத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள்.

"நீங்க போகலயா, அண்ணே?"

"எப்படிப் போவேன்? உன் மாத்திரை நேரமாச்சு. மொதல்ல சாப்பிடு."