பிணைக்கு நின்ற மாமா

சளி, சிறுநீர், மலம் என்று மனித உடம்பு வெளியே தள்ளுவதையெல்லாம் நாள் முழுவதும் பார்ப்பதுதான் என் தொழில். பதுளை நகரத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அருவருப்பாக இல்லையா என்று நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்த வேலையில் எனக்கு ஒரு நாளும் அருவருப்பு வந்ததில்லை. வந்தது மாமாவைப் பார்த்துத்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்த முதல் ஆள் நான். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறிப்போனது. அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடனில் தனியார் கல்லூரியில் படிக்கலாம் என்றார்கள். ஆனால் கடனுக்குப் பிணை வேண்டும். அப்பா தெமோதரைப் பக்கத் தோட்டமொன்றில் தொழிற்சாலை வேலை, அம்மா கொழுந்து எடுப்பவர். அந்தச் சம்பளங்கள் பிணைக்குக் காணாது, நிரந்தர மாதச் சம்பளக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் சொந்தத்தில் அப்படி இருந்தவர் அப்பாவின் அக்காள் கணவரான இந்த மாமா மட்டும்தான். பதுளையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர்.

அப்பா அந்த அலுவலக வாசலில் போய்ப் போய் நின்றார். கடைசியில் மாமா கையெழுத்துப் போட்டார்.

"மாப்புள, எங்கையெழுத்து சும்மா கெடைக்கிற சாமான் இல்ல. பிள்ளைக்கு அது ஞாபகம் இருக்கணும்."

"ஆமாங்க மச்சான்" என்றார் அப்பா.

படித்து முடித்தேன், வேலை கிடைத்தது. தோட்டத்தில் யாரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். சங்கப் பணம், கோயில் பணம், தேயிலைத் தூள் என்று எல்லாம் வெட்டுப்பட்டுத்தான் அவர்களுக்குக் காசு வரும். அம்மாவும் அப்படியே கேட்டார்: "பிடிப்புப் போகக் கையில எவ்வளவு?" கடன் தவணை, அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் போக வீட்டுக்கும் கொஞ்சம் மிஞ்சும் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மாமாவின் பிடிப்பை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

முதலில் அலுவலக நண்பர் ஒருவரை அழைத்து வந்தார். "இதுதான் நான் படிக்க வச்ச பிள்ள" என்று வரவேற்பறை முழுவதற்கும் கேட்கச் சொன்னார். இரத்தம் எடுத்து முடிந்ததும் அந்த மனிதர் பணப்பையைத் தொட்டார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "காசெல்லாம் வேணாங்க. நம்ம பிள்ள பாத்துக்குவா." எங்கள் ஆய்வுகூடத்தில் ஊழியருக்குத் தெரிந்தவர்களுக்குப் பாதி விலை. அந்தப் பாதியையும் ஊழியர் ஏற்றுக்கொண்டால் சம்பளத்தில் வெட்டுவார்கள். கவுண்டரில் இருந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அதன் பிறகு வரிசையாக வந்தார்கள். அவருடைய மேலதிகாரிக்குச் சர்க்கரை, மேலதிகாரியின் மனைவிக்குத் தைரொயிட், வீட்டுக்கு வயரிங் செய்து கொடுத்தவருக்குக் கொலஸ்ட்ரோல். யாருக்கெல்லாம் அவர் நல்லவராக வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் என் சம்பளத்தில் நல்லவரானார். காத்திருக்கும் நேரத்தில் எதிர் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நகத்தைக் கடித்துத் தரையில் துப்புவார். தனக்கும் இரத்தம் எடுத்துக்கொண்டால், ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சை நாற்காலிக்கு அடியில் போடுவார். குப்பைக் கூடை பக்கத்திலேயே இருக்கும். நான் குனிந்து எடுப்பேன். அதையும் பார்த்துக்கொண்டு இருப்பார்.

ஒரு மாதம் வெட்டுப் போக வந்த சம்பளம் தவணை கட்டப் போதவில்லை. வங்கியிலிருந்து பிணையாளருக்குத் தகவல் போயிருக்கிறது. மாமா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய், எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று அப்பாவை ஏசியிருக்கிறார்.

"தோட்டத்துச் சனத்துக்குக் கையெழுத்துப் போட்டா இப்பிடித்தான்" என்றாராம். அவர் பிறந்ததும் அதே லயத்தில்தான். இதையெல்லாம் அம்மா போனில் சொன்னார்.

வீட்டுக்குக் கொடுக்கும் காசை நிறுத்தித் தவணையைக் கட்டினேன். அதே வாரம் மாமா மறுபடியும் வந்தார், இரண்டு பேரோடு. ஏசிவிட்டு வந்த முகமாகவே இல்லை.

"பிள்ள, இவங்க ரெண்டு பேருக்கும் எல்லா செக்கப்பும் செஞ்சிரு."

"கவுண்டர்ல காசக் கட்டிட்டு வாங்க மாமா. ரத்தம் எடுக்குறேன்."

"என்ன, வெளாட்டா?"

"இல்ல மாமா. நீங்க கூட்டிட்டு வந்தவங்களுக்கு வெட்டுன காசுலதான் போன மாசம் தவண தவறிச்சு. தோட்டத்துக்குப் போயி சத்தம் போட்டீங்களே, அதுக்குத்தான்."

வந்தவர்களில் ஒருவர் எழுந்து கவுண்டருக்குப் போனார். மாமாவின் கழுத்து சிவந்தது.

"நாளைக்கே போயி எங்கையெழுத்த வாபஸ் வாங்குறேன்."

"அப்பிடி வாங்க முடியாதாம். பேங்குல கேட்டுட்டேன். நான் கட்டி முடிக்கிற வரைக்கும் நீங்களும் எங்கூடத்தான் இருக்கணும். அதனால என் சம்பளத்த நீங்களும் கொஞ்சம் பாத்துக்கங்க."

அவர் போய்விட்டார். கடன் முடிய இன்னும் வருடங்கள் இருக்கின்றன. அதுவரை என் பெயருக்குக் கீழே அவர் பெயர் இருக்கும் என்று நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, லீக்ஸும் போஞ்சியுமாகப் பை நிறையக் காய்கறி கட்டி வைத்திருந்தார். மாமா வீட்டுக்குத்தான்.

"நீ வர வேணாம். நான் மட்டும் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துர்றேன். பெரிய மனுசன்."

"எதுக்குப்பா மன்னிப்பு? கடனக் கட்டுறது நான்."

"கையெழுத்து அவருதும்மா."

அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். பையை அப்பாவின் கையிலிருந்து வாங்கிக் கொட்டினார்.

"ஒங்க மச்சானுக்கு மன்னிப்பு வேணும்னா பஸ் ஏறி இங்க வரட்டும். பாத தெரியாதாக்கும் அவருக்கு?"

அப்பா வெறும் கையோடு வாசல் வரை போனார். "பஸ்ஸு வர்ற நேரம்" என்றார், யாரையும் பார்க்காமல். அம்மா லீக்ஸைக் கழுவி அரியத் தொடங்கினார். அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.