அம்மன் கோயில் ஸ்பீக்கரில் கணக்குப் பாடம்

இதை எழுத வேண்டும் என்று பேனையை எடுப்பேன். பிறகு மீன் ஆய வேண்டும் என்று எழும்பிப் போய்விடுவேன். அப்படியே பல வருடங்கள் போய்விட்டன. மீனின் மேல் பழி போடக் கூடாது, பயம்தான் காரணம். எங்கள் ஊரில் எதை எழுதினாலும், அது எந்தக் குடிக்கு, எந்த வம்சத்துக்குப் பெருமை என்று கேட்டு யாராவது வாசல் படலையடிக்கு வந்துவிடுவார்கள்.

இப்போது என் பேரன் போனைத் தலையணையில் சாய்த்து வைத்து ஒன்லைனில் படிக்கிறான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், பள்ளிக்கூடம் போவதா நல்லது, போனில் படிப்பதா, இரண்டையும் கலப்பதா என்று தேத்தண்ணி ஆறும்வரை விவாதிக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பதால் என்னிடம் யாரும் கேட்பதில்லை. ஆனால் போன் இல்லாத காலத்திலேயே இந்த மூன்றையும் ஒரே பிள்ளையில் பார்த்தவள் நான். அம்மன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில், செட்டிபாளையத்துப் பக்கம். சுனாமியில் பள்ளிக்கூடத்தின் சுவர்கள் நின்றன, மற்றதெல்லாம் வாவிக்குப் போயின. ஒரு கரும்பலகை என் கணவரின் வலையில் பட்டது. மீனாக இருந்தால் விற்றிருக்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே அதை அதிபரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு கூடாரத்தில் வகுப்பு நடந்தது. வெயிலில் அதற்குள் இருந்தால் பிள்ளைகள் இடியப்பம் போல அவிந்துவிடுவார்கள். ஆனாலும் அது பள்ளிக்கூடம்தான். ரீச்சரின் முகத்தைப் பிள்ளை பார்க்கலாம், பிள்ளை முழிக்கிற முழியை ரீச்சரும் பார்க்கலாம்.

முழிப்பதில் என் மகள் கெட்டிக்காரி. கணக்கு என்ற சொல்லைக் கேட்டாலே போதும், கரையில் போட்ட மீனைப்போல் ஆகிவிடுவாள். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குத் தவறினால் உயர்தரம் படிக்க விடமாட்டார்கள். அவளுடைய படிப்பு அதோடு சரி. தவறினால் தையலுக்கு அனுப்புவது என்று அவளுடைய அப்பா மெசின் விலைகூட விசாரித்து வைத்திருந்தார். ஊசியில் நூல் கோர்க்கவும் பொறுமை இல்லாத பிள்ளை அது.

அவளுக்குக் கணக்கை ஓரளவு ஏற்றிக்கொண்டிருந்தவர் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருந்து வந்துபோன ஒரு ரீச்சர். பரீட்சை நெருங்கிய வருடத்தில் சண்டை மறுபடி மூண்டது. பாதையை மூடினார்கள், கொஞ்ச நாள் திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். ரீச்சரால் மட்டுமில்லை, அக்கரையில் இருந்து வந்த எந்த ஆசிரியராலும் வர முடியவில்லை. எந்தப் பாதை மூடினாலும் தயிர்க்காரர் மட்டும் சைக்கிளில் வந்துவிடுவார். சோதனைச் சாவடியில் நின்றவர்களுக்கும் தயிர் வேண்டும்தானே. அக்கரையில் இருந்த ரீச்சரும் அவருடைய கூட்டாளி ஆசிரியர்களும் பாடங்களைக் கசெற்றில் பேசி அவரிடம் கொடுத்தனுப்பினார்கள்.

“சாவடியில ஒரு பெடியன் கசெற்றைப் போட்டுக் கேட்டான்,” என்றார் தயிர்க்காரர். “முக்கோணம் முடிஞ்ச பிறகுதான் என்னை விட்டான். அவனுக்குத் தமிழும் தெரியா, ஆனா விளங்கினமாதிரித் தலையாட்டினான். உங்கட மகளுக்கு விளங்குமோ தெரியா.”

ஊரில் ஒழுங்காகப் பாடுகிற கசெற் ரேடியோ அம்மன் கோயிலில்தான் இருந்தது, ஸ்பீக்கரோடு. பிள்ளைகள் கோயில் வெளியில் இருந்து கேட்கட்டும் என்று வண்ணக்கர் சம்மதித்தார். கோயில் நிருவாகம் அவர் கையில். இங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. எங்களுக்குக் குடி தாய்வழியில் வரும். அம்மன் சடங்கில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடியின் பொறுப்பு. கோயிலில் எது நடந்தாலும் குடிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதைத் தவிர வேறு முறை எங்களுக்குத் தெரியாது. வண்ணக்கர் பாடங்களையும் அப்படியே, ஒரு குடிக்கு ஒரு பாடம், கிழமையில் ஒரு நாள் என்று பிரித்தார். கணக்கு என் கணவரின் குடிக்குப் போனது. என் குடிக்கு, அதாவது என் மகளின் குடிக்கு, சமயபாடம் வந்தது.

“அம்மனுக்கே சமயம் படிப்பிக்கிற பாக்கியம் உங்கட குடிக்குத்தான்,” என்று கணவர் சிரித்தார். “கணக்கெண்டா மூளை உள்ள குடிக்குத்தானே குடுப்பாங்க.”

“மூளை உள்ள குடிதான் மூணாம் வகுப்போட நிண்டதோ?” என்றேன். அன்றைக்குச் சொதியில் உப்பு இல்லை. அது தற்செயல்.

கணக்கு நாள் வந்தது. சங்கு ஊதினார்கள், மணி அடித்தார்கள், பொங்கல் பொங்கி ஸ்பீக்கருக்குக் கற்பூரம் காட்டினார்கள். “பிள்ளைகளே, கொப்பியை எடுங்க” என்று ரீச்சரின் குரல் வந்ததும் கிழவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். கோயில் ஸ்பீக்கரில் எது வந்தாலும் கை தானாக எழும்பும், எக்ஸின் பெறுமானம் காண்க என்று வந்தாலும்.

மகள் எழும்பி, ரேடியோவுக்குப் பொறுப்பாக நின்றவரிடம் போனாள். அவர் என் கணவரின் குடிக்காரர்.

“அந்த இடம் விளங்கல்ல மாமா. ஒருக்காத் திருப்பிப் போடுங்க.”

“திருப்பிப் போடவா? காட்டின கற்பூரத்தை ஆராவது திருப்பிக் காட்டுவாங்களா மனே? அடுத்த கிழமை வா.”

கசெற்றின் குறை அதுதான். பிள்ளை முழிப்பது அதற்குத் தெரியாது.

பொங்கல் வாசம் மற்றக் குடிகளின் மூக்கில் ஏறியது. கணக்குத்தான் பெரிய மரியாதை என்று ஆகிவிட்டது. “எங்களுக்கு மட்டும் ஏன்கா சுகாதாரம்?” என்று ஒரு மாமி என்னிடம் கேட்டார். “நாங்க என்ன குளிக்காத ஆக்களா?” கோயில் முன்றலில் வாக்குவாதம் முற்றியது. வண்ணக்கர் ரேடியோவை ஸ்பீக்கரோடு அறைக்குள் வைத்துப் பூட்டிக் கதவுத் திறப்பை மடியில் செருகிக்கொண்டார். கணக்கு ஆருக்கு என்று முடிவாகாமல் அது மூச்சு விடாது என்றார்.

கிழமைகள் போயின. மகள் கூடாரத்துக் காலத்துக் கொப்பியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. ஒருநாள் காலையில் மெதுவாகக் கேட்டாள்:

“அம்மா, அந்த மெசின் என்ன விலையாம்?”

நான் நேரே கோயிலுக்குப் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று அழுதேன். தாயே, உன் பெயரால்தான் இந்த விசர் ஆட்டம் நடக்கிறது, நீயே ஒரு வழி சொல் என்றேன். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் தயிர்க்காரர் நின்றார்.

அவருடைய பானைகளைப் பார்த்துக்கொண்டு நின்றவள் கேட்டேன்: “உறையை எல்லாப் பானைக்கும் ஊத்துவீங்களா?”

“ஓம். கொஞ்சம் கொஞ்சம் ஊத்தணும். ஒண்டுக்கு மட்டும் ஊத்தினா மத்ததெல்லாம் பால்தானே.”

“அப்ப ரீச்சரிட்டச் சொல்லுங்க. கணக்கை எல்லாக் கசெற்றிலயும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்தட்டாம்.”

அவர் படலை தாண்டிப் போன பிறகுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மன் தயிர்ப்பானையோடு வருவாள் என்று யார் எதிர்பார்த்தது?

அடுத்து வந்த கசெற்றுகள் எல்லாம் கணக்கோடு தொடங்கின. சுகாதாரக் கசெற்றில் அந்த ஆசிரியர் தொடங்க முன், “பிள்ளைகளே, கை கழுவ முதல் ஒரு கணக்கு” என்றார் ரீச்சர். சமயத்திலும் ஒரு கணக்கு வந்தது. எல்லாக் குடிக்கும் கணக்குக் கிடைத்ததால் வண்ணக்கரின் மடியில் இருந்த திறப்பு வெளியே வந்தது. மரியாதைக்காகச் சண்டை பிடித்தவர்களின் புண்ணியத்தில் என் மகளுக்குப் பின்னேரம்தோறும் கணக்கு. பாதை திறக்கிற நாட்களில் ரீச்சரே வந்து கோயில் மடத்தில் இருப்பார். “எங்க, முழி பாப்பம்,” என்று மகளின் முகத்தைப் பார்ப்பார். அவள் எந்த இடத்தில் நின்றுவிட்டாள் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். கசெற்றில் கேட்டது பாதி, முகம் பார்த்தது பாதி.

பரீட்சை முடிந்து முடிவு வந்தது. கணக்கில் எஸ்.

“எஸ் எண்டா என்ன?” என்றார் கணவர்.

“சாதாரண சித்தி, பாஸ் அப்பா. உயர்தரம் படிக்கலாம்.”

அவர் வாவிப் பக்கம் திரும்பினார். “மெசினும் விலை ஏறிப்போச்சாம்,” என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போனார். கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன். அன்றைக்கு ஒவ்வொரு குடியும் தனித்தனியாகப் பொங்கியது. தங்கள் நாளில் போட்ட கணக்குத்தான் பேப்பரில் வந்தது என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். எல்லாப் பொங்கலையும் சாப்பிட்டோம்.

சண்டை முடிந்தபின் பாதை திறந்தபடி கிடந்தது, ரீச்சர் பஸ்ஸில் வந்துபோனார். கசெற்றில் சுகாதாரம் பேசிய ஆசிரியர் வரவில்லை. அவரைப் பற்றிச் சிரித்து எழுத என்னால் ஏலாது, விட்டுவிடுகிறேன்.

இன்று காலையும் மகள் தன் பிள்ளையை ஏசினாள். “கமராவைப் போடு. ரீச்சர் உன்ட முழியைப் பாக்கட்டும்.” போனோ, கூடாரமோ, கலப்போ, எதில் படித்தாலும் என் எண்ணமும் அவ்வளவுதான்.

இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். எந்தக் குடியின் பெயரையும் சேர்க்க வேண்டாம். அம்மன் கனவில் வந்தாள் என்று கூட்டவும் வேண்டாம், தயிர்க்காரர்தான் வந்தார். முக்கியமாக, என் மகளின் எஸ்ஸை ஏ ஆக்கிவிடாதீர்கள். அந்த எஸ்ஸுக்கு நாங்கள் பட்ட பாடு போதும்.