தியேட்டருக்கு மேலே இரண்டு அறைகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் குடியிருந்தது ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில் ஒரு பழைய இத்தாலியத் தியேட்டரின் மேல்மாடியில். ஒரு காலத்தில் நாடகக்காரிகள் உடை மாற்றிய இரண்டு அறைகள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதைச் சுற்றிப் பல்ப் இல்லாத ஹோல்டர்கள். கண்ணாடிக்கு முன்னால் இருந்த நீளமான மேசையில் மின்னடுப்பை வைத்துச் சமைத்தேன். புட்டு அவியும்போது கண்ணாடியில் ஆவி படிந்து என் முகம் மறைந்துவிடும். அது எனக்கு ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது.

அங்கே குடியிருக்க அனுமதி இல்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அகதி விண்ணப்பம் முடிவாகவில்லை. எட்டு மாதக் குழந்தையோடு வீடு கேட்டுப் போன இடங்களில் யாரும் கதவை முழுதாகத் திறக்கவில்லை. என் கணவர் வேலை செய்த உணவகம் அடுத்த தெருவில். கட்டிடத்தின் சொந்தக்காரியான இத்தாலிய அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். நகரசபையிலிருந்து யாராவது வந்தால் இது சாமான் அறை. நான் துப்புரவு வேலைக்கு வருகிறவள். குழந்தை என்னோடு கூட வருகிறது.

அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது இடறி இடறி வரும் ஆங்கிலம். அவர் சொன்னவற்றை இங்கே எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

அவர் படிக்கட்டில் மூச்சு வாங்க உட்காரும்போதெல்லாம் கட்டிடத்தின் கதை கொஞ்சம் நகரும். அவருடைய மாமனார் மேசன் வேலைக்கு வந்தவர். ஊர்க்காரர்களைச் சேர்த்து, வேலையில்லாத ஞாயிறுகளில் இந்தச் சுவர்களை எழுப்பினாராம். முதலில் நாடகமும் பாட்டும். பிறகு இத்தாலியப் படங்கள். பெண்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களோடும் பிள்ளைகளோடும் வந்து முழு நாளும் இருப்பார்களாம். அதன்பிறகு வீட்டுக்கு வீடு ரீவி வந்தது. வசதி வந்தவர்கள் கராஜ் வைத்த வீடு வாங்கி வடக்கே போனார்கள். மண்டபம் மல்யுத்தத்துக்கும் கல்யாணத்துக்கும் போய், கடைசியில் எங்களுடைய ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப்படம் போட வாடகைக்கு எடுத்தார்கள்.

"உங்கட சனமும் எங்கட சனம் மாதிரித்தான்" என்பார். "படத்திலை தாய் செத்தால் அழுகினம். சண்டை வந்தால் சாப்பிடுகினம்."

படச் சத்தம் தரை வழியாக எங்களுக்குக் கேட்கும். மகள் சண்டைக் காட்சியில் தூங்கி, படம் முடிந்து அமைதியானதும் எழும்பி அழுவாள். இப்படி வளர்கிற பிள்ளையின் காது என்ன ஆகும் என்று யோசிப்பேன். தீப்பிடித்தால் கீழே இறங்க அந்த ஒரே மரப்படிக்கட்டுத்தான் என்பதையும் யோசிப்பேன். கணவரிடம் சொன்னால், "நீர் யோசிக்கிறதுக்கெண்டே பிறந்தனீர்" என்பார்.

நகரசபை இன்ஸ்பெக்டர் வந்தது ஒரு கிழமை நாள் மத்தியானம். கீழே இத்தாலிய அம்மாவின் குரல் வழக்கத்துக்கு மாறாக உரத்துக் கேட்டது. மாமனார், செங்கல், பாட்டுக்காரிகள் என்று முழுச் சரித்திரத்தையும் ஒவ்வொரு படியாக நின்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு நேரம் கொடுக்கிறார் என்று விளங்கியது. மின்னடுப்பைத் துணியால் மூடினேன். ஹோல்டர்களில் காயப்போட்டிருந்த குழந்தையின் உடுப்புகளை அள்ளிப் பெட்டிக்குள் திணித்தேன். தரை கூட்டும் தும்புத்தடியைக் கையில் எடுத்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் நரைத்த மீசை வைத்த, அமைதியான மனிதர். கதையை உண்மையிலேயே ரசித்துக் கேட்டுக்கொண்டு வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "இது வெறும் சாமான் அறைதானே?"

நான் உடனே பதில் சொன்னேன். "ஓம்."

"ஹோம்?" என்றார் அவர்.

அவருக்கு என்ன கேட்டது என்று எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. ஊரில் நான் ஆங்கிலம் படிப்பித்தவள். 'யெஸ்' என்ற சொல்லை ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள்.

"கிளீன் பண்ண வாறவ! கிளீன் பண்ண!" என்று அம்மா பின்னால் நின்று கத்தினார்.

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் குனிந்து, மிகவும் தன்மையாக இன்னொரு முறை கேட்டார். "ஹோம்?" இல்லை என்று ஒரு சொல் போதும். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மகள் அவருடைய பேனாவை எட்டிப் பிடித்தாள். அவர் சிரித்தபடி அதை விடுவித்து எழுதத் தொடங்கினார்.

மாலையில் கணவர் வந்ததும் சொன்னேன்.

"அவன் இங்கிலிசிலை கேக்க நீர் தமிழிலை சொன்னனீரோ?"

"வாயிலை வந்திட்டுது."

"டீச்சர் அம்மாவுக்கு இண்டைக்கெண்டு பார்த்துத் தமிழ்ப்பற்று வந்திட்டுது."

சிரித்துவிட்டுத்தான் சொன்னார்.

ஒரு மாதத்துக்குள் வெளியேறும்படி கடிதம் வந்தது. அதோடு நிற்கவில்லை. நகரசபைக்காரர்கள் கீழேயும் வந்து பார்த்தார்கள். மண்டபத்தின் வயர்களும் கதவுகளும் சரியில்லை, திருத்தும்வரை படம் போடக்கூடாது என்றார்கள்.

அம்மா என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் வந்து கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"ஏன் பிள்ளை வீடு எண்டு சொன்னனி?"

"எங்கட பாஷையிலை ஓம் எண்டால் யெஸ்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் கையால் அடித்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "என்ர மாமனாரை அசைக்க ஏலாத கவுன்சில்! அவர் கட்டினதை நீ ஒரு யெஸ்ஸாலை விழுத்திப் போட்டாய்!" அந்தத் தண்ணீர் சிரிப்பில் வந்ததுதானா என்று நான் கேட்கவில்லை. "சொறி, மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

நகரின் கிழக்கே, மல்வேர்னில் தெரிந்தவர்களின் பேஸ்மென்டுக்குப் போனோம். அங்கே வாசல் இரண்டு இருந்தது. குழந்தைக்கு அது நல்லதுதான். இன்ஸ்பெக்டர் எழுதியது சரி என்று ஒரு நாள் தோன்றும். ஒரு தியேட்டரை மூடவைத்துவிட்டேன் என்று மறுநாள் தோன்றும். அவசரத்தில்தான் அந்தச் சொல் வந்ததா, அல்லது பொய் சொல்ல மனமில்லாமல் வந்ததா? நேர்மை என்று பெருமைப்படவும் எனக்குத் துணிவில்லை.

குளிர் முடியும் சமயத்தில், பல நாள் தள்ளிப்போட்டு, இத்தாலிய அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். ஒழுங்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வசனங்களைக் கடதாசியில் எழுதி வைத்திருந்தேன். முதல் வசனத்தையே அவர் முடிக்க விடவில்லை. குழந்தை நடக்கிறாளா என்று கேட்டார். பிறகு, திருத்த வசதியில்லாததால் கட்டிடத்தை விற்றுவிட்டதாகச் சொன்னார். வாங்கியவர்கள் முன்சுவரை மட்டும் விட்டுவிட்டு உள்ளே எல்லாவற்றையும் இடிக்கப் போகிறார்களாம்.

"என்ன கட்டப்போகினம்?"

"அப்பார்ட்மென்ட். பேப்பர் எல்லாம் சரியாக எடுத்திட்டினம். வாறியோ?"

பகிடியா, கோபமா என்று குரலில் பிடிபடவில்லை. கையில் இருந்த கடதாசியில் அதற்குப் பதில் இல்லை. கணவரிடம் கேட்டுச் சொல்லுகிறேன் என்றேன்.