நிறைகுடம் வைத்துத் தேர்ந்த பிறேக்

எனக்குக் கல்யாணம் நடந்தது பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில், இரண்டு மடக்குக் கதிரைகளில். மணவறை இல்லை. அந்தக் கோபத்தில்தான் மூன்று வருடம் கழித்து என் தங்கையின் கல்யாணத்துக்கு நானே ஒரு மணவறை செய்தேன். நான்கு தூண், தூணுக்கு எட்டுத் தாமரை, எல்லாம் பிளாஸ்டரில் என் கைப்பட வார்த்தவை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மண்டபமோ நகருக்கு வெளியே, ஆர்ஜொந்தெயில். காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற றெமோர்க் ஒன்றை இரவல் வாங்கி, ஒரு தூணை மட்டும் ஏற்றிப் பக்கத்து ஸ்டாலின்கிராட் சந்தி வரை ஓடிப் பார்த்தோம். அதற்குப் பிறேக் கிடையாது. சிவப்பு விளக்கில் கார் நிற்க, றெமோர்க் பின்னால் வந்து இடித்தது. மூன்று தாமரை உதிர்ந்தன.

"நான் மெதுவா ஓடுவன், இதுவே காணும்," என்றார் கணவர்.

"காணாது. பிறேக் உள்ளதுதான் வேணும்."

உதிர்ந்த தாமரைகளைத் திரும்ப வார்த்துவிட்டு, பொண்டி என்ற ஊரில் ஒரு பிரெஞ்சுக் கிழவரிடம் போனோம். அவர் முற்றத்தில் பிறேக் உள்ளவை இரண்டு விற்பனைக்கு நின்றன. கார் வேகத்தைக் குறைத்தால் றெமோர்க் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலில் கொளுவியின் தண்டு உள்ளே சறுக்கி, சில்லுகளின் பிறேக்கைப் பிடிக்கும். இரண்டிலும் அதே முறைதான். ஒன்றுக்குப் புதுப் பெயின்ட், கணவரின் கண் அதிலேயே நின்றது. நான் கொண்டுபோன பித்தளைக் குடத்தில் கழுத்துவரை தண்ணீர் விட்டு அதற்குள் வைத்தேன்.

"உமக்கென்ன விசரே? பிறேக் பாக்க வந்த இடத்தில நிறைகுடமே வைக்கிறீர்?"

"ஓடுங்கோ, பாப்பம்."

புதுப் பெயின்ட் வெடுக்கென்று பிடித்தது. பாதித் தண்ணீர் வெளியே. மற்றது பழசு. ஆனால் அதன் தண்டுக்குள் அதிர்வு தாங்கி ஒன்று இருந்தது, அமுக்கினால் மெல்ல மெல்ல, ஆறுதலாக உள்ளே போனது. அதில் சிந்தியது ஒரு கையளவுதான். கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பழசையே வாங்கினோம்.

கல்யாணக் காலை, தூண்களுக்கு நடுவே அதே குடத்தையும் நிரப்பி வைத்துக்கொண்டு புறப்பட்டோம். முதல் சிவப்பு விளக்கிலேயே பின்னால் 'டங்' என்றது. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால், என்னவர் கொளுவியையும் தண்டையும் சேர்த்துக் கயிற்றால் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி இறுக்கியிருக்கிறார். தண்டு அசைய வழியில்லை. பிறகு எங்கே பிறேக்?

"கழண்டு போகாமக் கட்டினனான்..."

எங்கள் ஆட்களுக்கு எதையும் கயிறு போட்டுக் கட்டாவிட்டால் நித்திரை வராது. விமானத்தில் வந்த பூட்டுப் போட்ட சூட்கேசைக்கூடக் கட்டித்தான் கொண்டுவந்தோம். பட்டுச் சேலையோடு தெருவில் குந்தியிருந்து ஒவ்வொரு முடிச்சாக நானே அவிழ்த்தேன். நகம் இரண்டு போயிற்று. போகட்டும்.

ஆர்ஜொந்தெயில், தூண்களை மூடியிருந்த படங்குத் துணியை விலக்கினோம். நான்கு தூண்களும் முப்பத்திரண்டு தாமரைகளும் அப்படியே இருந்தன. குடத்தில் முதல் விளக்கில் சிந்தியதோடு சரி. அந்தக் குடத்துக்கே மாவிலையும் தேங்காயும் வைத்து மண்டப வாசலில் வைத்தேன்.

தாலி கட்டி முடிந்து சனம் சாப்பாட்டுக்குப் போனபோது கணவர் என் கையைப் பிடித்து மணவறைக்கு இழுத்தார்.

"இரும், ஒரு படம் எடுப்பம்."

மணமக்கள் எழும்பிய இடத்தில் அவர் பக்கத்தில் இருந்தேன். அந்தப் படத்தில் நான் அழுதுகொண்டிருக்கிறேன். மடியில் வைத்த கையில் இரண்டு நகம் இல்லை.